இரண்டு விரலுக்கு எழுதியது

ஜனவரி 15, செவ்வாய்
காலை 146/88.

டொக்டர் இந்தக் கொப்பியைத் தந்தது பிரஷர் எழுதுவதற்கு. காலையும் மாலையும் அளந்து எழுதச் சொன்னார். "அன்றைக்கு என்ன நடந்தது என்றும் இரண்டு வரி எழுதுங்கள், ஹெர் தில்லையம்பலம். எப்போது ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இரண்டு வரிக்கு என்னிடம் என்ன இருக்கிறது?

இன்று தைப்பொங்கல். நான் பொங்கவில்லை. பாலைக் காய்ச்சிச் சீனி போட்டு, சாமிப் படத்துக்கும் இந்திராணியின் படத்துக்கும் முன்னால் வைத்துவிட்டு, பிறகு நானே குடித்தேன். மனைவி போய்ச் சேர்ந்தபின் வரும் மூன்றாவது பொங்கல். வேலைக்குப் போகும்போது படியில் மேல்வீட்டு ஜெர்மன்காரி "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னாள். இன்று என்னோடு கதைத்த முதல் ஆள்.

மாலை 140/86.

ஜனவரி 17, வியாழன்
144/86. மாலை 142/86.

மார்ச் 17ஆம் திகதிக் கச்சேரிக்கு எங்கள் மண்டபத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த காஸ்பர் டீலே என்பவர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் எழுதிய வயலின் கொன்சேர்ட்டோ. நாற்பது வருடமாக இங்கே யாரும் வாசிக்கவில்லையாம்.

கொன்சேர்ட்டோ என்றால், ஒற்றை வயலின் முன்னால் நிற்கும், பின்னால் அறுபது பேர் இருப்பார்கள். சிலநேரம் அதோடு சண்டை பிடிப்பார்கள், சிலநேரம் தாங்குவார்கள். அந்த அறுபது பேருக்கும் கதிரையும் தாள் வைக்கும் ஸ்டாண்டும் வைப்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. ஒவ்வொரு கதிரையும் எத்தனை சென்ரிமீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முன்னால் நிற்பவருக்கு மட்டும் கதிரை இல்லை.

பத்து மணிக் கோப்பிக்கு ஃப்ராவ் கிரேமர் அறைக்குப் போனேன். இசைத்தாள்களெல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பில்தான். கேக் வெட்டித் தந்துவிட்டு அந்தக் கொன்சேர்ட்டோவின் கதையைச் சொன்னார். டீலேயிடம் மக்டலேனா ரோட் என்று ஒரு பெண் ஏழு வயதிலிருந்து படித்தாள். மா அரைக்கும் ஆலைக்காரரின் மகள். தாயில்லாத பிள்ளை. டீலே அவளைச் சொந்த மகள் மாதிரி வளர்த்தார். அவளுக்காகவே இரண்டு வருடம் இருந்து இதை எழுதினார். 1868 மார்ச்சில் அரங்கேற்றம். ஐந்து நாளைக்கு முன்னர் அவள் வாசிக்க மாட்டேன் என்று போய்விட்டாள்.

"ஏன் போனாள்?"

"தலைக்கனம் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. டீலே மனமுடைந்து ஆறு வருடம் அதைத் தொடவில்லை. பிறகு நடுப்பகுதியைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒரு அடாஜியோ எழுதினார். அடாஜியோ தெரியும்தானே, ஆறுதலாக, மெதுவாகப் போகும் பகுதி. வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து வாசித்தார். அந்த அடாஜியோவால்தான் இந்தக் கொன்சேர்ட்டோவுக்கே பெயர்."

"நன்றி கெட்ட பெண்" என்றேன்.

ஃப்ராவ் கிரேமர் கேக்கை மென்றபடி என்னைப் பார்த்தார். "உங்கள் மகளும் வயலின் வாசித்தவள் அல்லவா, தில்லை?"

"விட்டுவிட்டாள்."

மின்சார வயர் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 20, ஞாயிறு
138/84. மாலை 156/92.

உடுப்புத் தோய்த்தேன். பருப்பும் சோறும் சமைத்தேன். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் பழகவில்லை. புதன் வரைக்கும் இதே பருப்புத்தான்.

பின்னேரம் கனடாவிலிருந்து பவளம் போன் எடுத்தாள். இந்திராணியின் தங்கை. மாதத்தில் ஒரு ஞாயிறு தவறாமல் எடுப்பாள்.

"அத்தான், சாப்பிட்டிட்டியளோ?"

"ஓம்."

"சாம்பவி போன கிழமை எடுத்தவள். தடிமனாம், ஒரே தும்மலாம். பிரேமன்ல சரியான குளிராம். விடிய நாலரைக்கு ட்ராம் எடுத்து ஓட வேணுமெல்லோ, பாவம்."

என் மகள் பிரேமன் நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறாள் என்பதே பவளம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நீங்கள் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோவன். பதின்மூண்டு வருசமாகுது அத்தான். அக்காவின்ர செத்த வீட்டில கூட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை நீங்கள்."

"அவளும் கதைக்கேல்லைத்தானே."

"அவள் பிள்ளை."

"கச்சேரி வருது பவளம். சரியான வேலை" என்று சொல்லி வைத்துவிட்டேன். கச்சேரிக்கு இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது.

ஜனவரி 29, செவ்வாய்
143/87. பனி. வாசல் படிக்கு உப்புப் போட்டேன்.

பெப்ரவரி 5, செவ்வாய்
காலை 141/86.

கச்சேரியன்று மண்டப வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் டீலேயின் பழைய தாள்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். 1868இல் இந்த ஊர் வாத்தியக்காரர்கள் ஒத்திகைக்கு வைத்திருந்த அசல் தாள்கள். நிலவறையிலிருந்து ஏழு பெட்டி தூக்கி வந்தேன். ஃப்ராவ் கிரேமர் ஒவ்வொன்றாகத் தூசு தட்டச் சொன்னார். மெல்லிய தூரிகையால் தட்டினேன்.

இரண்டாவது ஹோர்ன் தாளில், அந்த வளைந்த பித்தளைக் குழல்காரருடைய தாளில், நடுப்பகுதி வந்ததும் கைக்குத் தடிப்பாகப் பட்டது. பழைய பக்கத்தின் மேல் புதிய அடாஜியோவை ஒட்டியிருக்கிறார்கள். பசை காய்ந்து ஒரு மூலை தானாகவே எழும்பி நின்றது. அடியில், ஓரத்தில், பென்சிலால் நாலு வரி எழுத்து. நானும் முப்பது வருடமாக ஜெர்மன் வாசிக்கிறேன், அந்தக் காலத்துக் கையெழுத்து ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஃப்ராவ் கிரேமரைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்து மெதுவாக வாசித்தார்.

"மார்ச் 12. அந்தப் பிள்ளையின் இடக்கையில் கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கிவிட்டன, விரியவில்லை. டீலே எல்லோர் முன்னாலும் கத்தினார். ஒத்திகை நின்றது. வெளியே பனி."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் தலைக்கனம் இல்லை. தில்லை, அவளுக்குக் கை ஏலாமல் போயிருக்கிறது! நூற்றைம்பது வருடமாக இந்த ஊர் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று தெரியுமா?"

பெரிய மேளத்தை இடம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேளம் நேற்றே மாற்றியாகிவிட்டது.

மாலை 171/99.

பெப்ரவரி 6, புதன்
165/98. தலையிடி. வேலைக்குப் போகவில்லை.

பெப்ரவரி 8, வெள்ளி
158/94.

டொக்டரிடம் கொப்பியைக் காட்டினேன். தமிழ் அவருக்குத் தெரியாது, எண்களை மட்டும் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?"

"பெட்டி தூக்கினேன்."

"இனிமேல் பாரம் தூக்காதீர்கள்." குளிசையை இரண்டாக்கினார்.

பெப்ரவரி 13, புதன்
149/90. மாலை 167/97.

ஃப்ராவ் கிரேமர் விடவில்லை. நகர ஆவணக் காப்பகத்துக்குப் போய், மக்டலேனா தன் அக்காவுக்கு எழுதிய கடிதக் கட்டைத் தேடி எடுத்திருக்கிறார். ஆலைக்காரக் குடும்பத்துக் காகிதங்களோடு கிடந்ததாம், யாரும் பிரித்ததில்லை. முதல் கடிதத்தைப் பிரதி எடுத்து வந்து எனக்கு வாசித்துக் காட்டினார். வேறு யாருக்கு வாசித்துக் காட்டுவார்? அவருக்கும் வீட்டில் ஒரு பூனைதான்.

"அன்புள்ள அக்கா. மோதிர விரலும் சின்ன விரலும் என் சொல்லைக் கேட்பதில்லை. மற்ற எல்லா வேலைக்கும் சரி, வயலினைத் தூக்கினால் மட்டும் மடங்கிப்போகின்றன. நோகிறது என்று சொன்னேன். சோம்பல் என்றார். பயம் என்றார். பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, நான் ஆறு மணிநேரம் வாசிக்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய காலணியின் நுனி எனக்குத் தெரிகிறது."

"பாவம் அந்தப் பிள்ளை" என்றார் ஃப்ராவ் கிரேமர்.

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன். என் சத்தம் கூடிவிட்டது போல. "டீலேக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பிள்ளைகளும் நோகிறது என்றுதானே சொல்வார்கள்?"

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தில்லை."

பெப்ரவரி 14, வியாழன்
161/97. மழை.

பெப்ரவரி 17, ஞாயிறு
155/92.

இன்று முழுநாளும் வெளியே போகவில்லை. போனும் வரவில்லை. எழுதலாம்.

சாம்பவிக்கு வயலின் வாங்கிக் கொடுத்தபோது அவளுக்கு ஆறு வயது. நான் அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் நாடகக் கொட்டகைப் பக்கம் கூடப் போகாதவன் நான். இங்கே பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வாத்தியம் பழக்குவார்கள், இவள் வயலினைக் கைகாட்டினாள். இரண்டாம் வருடம் ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது, கவனமாகப் பாருங்கள் என்றார். அன்றைக்கு ட்ராமில் வரும்போது இந்திராணி அழுதாள். சந்தோசத்தில்.

மண்டபத்தில் இந்த வேலை கிடைத்தபோது அவளுக்குப் பதின்மூன்று. முதல் கச்சேரிக்குக் கதிரைகளை வைத்துவிட்டு, வெறும் மேடையின் முன்னால், தனி வயலின்காரர் நிற்கும் இடத்தில் ஒருக்கா நின்று பார்த்தேன். இங்கே என் பிள்ளை நிற்க வேண்டும். அவளுக்குப் பின்னால் அறுபது கதிரையையும் நான் வைக்க வேண்டும். இதை யாருக்கும் சொல்லவில்லை, இந்திராணிக்குக் கூட.

பதினேழு வயதில், இசைக் கல்லூரிச் சோதனைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, "அப்பா, கை நோகுது" என்றாள். எண்ணெய் பூசிவிட்டேன். பிறகும் நோகுது என்றாள். "விரல் ரெண்டும் மடங்குதப்பா, நான் மடக்கேல்லை" என்றாள். இந்திராணி அவளை டொக்டரிடம் கூட்டிப்போனாள். டொக்டர் ஓய்வு வேண்டும் என்றாராம். இந்த நாட்டு டொக்டர்மாருக்கு எல்லாமே வருத்தம்தான் என்று நான் சொன்னேன். "உனக்குப் பஞ்சி, சோம்பல்" என்று அவளுக்குச் சொன்னேன். வேறென்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

சோதனையில் அவள் பாதியில் நிற்பாட்டினாள். வில்லை இறக்கிவிட்டு, நடுவர்களுக்குத் தலையைக் குனிந்து காட்டிவிட்டு வெளியே வந்தாள். ரயிலில் மூன்று மணிநேரம் எதிரெதிரே இருந்து வந்தோம். நான் அவளைத் திட்டவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாலு மாதம் சொல்லவில்லை. பதினெட்டு வயது ஆன கிழமை அவள் போய்விட்டாள்.

சோதனைக்கு முந்திய கிழமைகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மாலை அளக்கவில்லை.

பெப்ரவரி 25, திங்கள்
150/90. மேடைப் பலகை இரண்டு கிறீச்சிட்டது, ஆணி மாற்றினேன். பருப்பு, முட்டை.

மார்ச் 5, செவ்வாய்
147/89.

தனி வயலின் வாசிக்கப்போகும் பெண் வந்துவிட்டாள். யூடிட் என்று பெயர், முப்பது வயது இருக்கும், சாம்பவியின் வயது. பியானோவோடு மட்டும் ஒரு நாள் ஒத்திகை. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று சொன்னதால் நான் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே ஃப்ராவ் கிரேமர் முன்வரிசையில் இருந்தார்.

அடாஜியோவின் நடுவில் யூடிட் சட்டென்று நிறுத்தினாள்.

"இது விசித்திரமாக இருக்கிறது" என்றாள் ஃப்ராவ் கிரேமரிடம். "முதல் பகுதியில் விரல்கள் முறிகிற அளவுக்கு எழுதியிருக்கிறார். இதிலே பெரிய வேலை ஒன்றுமே இல்லை. ஆனால் இடங்கள் எல்லாம் கோணலாக வருகின்றன. மோதிர விரலை வைத்தால் எளிதாக எட்டக்கூடிய சுரத்துக்குக் கையையே நகர்த்த வைக்கிறார். ஒரு மாதமாக எனக்கு விளங்கவில்லை. போன கிழமை நீங்கள் அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே? அதுக்குப் பிறகுதான் இப்படி வாசித்துப் பார்த்தேன். பாருங்கள்."

அவள் இடக்கையில் மோதிர விரலையும் சின்ன விரலையும் உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள். மிச்சம் இரண்டு விரலால் அந்தப் பகுதியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். ஏழு நிமிடம். ஓரிடத்திலும் தடக்கவில்லை. கோணல் எல்லாம் நேராகிவிட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குக் கை வழுக்கிப் போகும்போது, யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்துக் கதைப்பது மாதிரி இருந்தது.

முடிந்தபோது பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "அவளுக்காக எழுதியிருக்கிறார்" என்றார் ஃப்ராவ் கிரேமர். "ஆறு வருடம் கழித்து, அவளுக்கு இருந்த கைக்கு எழுதியிருக்கிறார்."

நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை. விளக்கு சரியாகிவிட்டதா என்று யூடிட் கேட்டாள். சரி என்று மேலிருந்தே சொன்னேன்.

மாலை 152/90.

மார்ச் 6, புதன்
151/91.

வேலை முடிந்து நானே ஃப்ராவ் கிரேமர் அறைக்குப் போனேன். "அவள் அதை வாசித்தாளா?" என்று கேட்டேன்.

அவர் கடிதக் கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். 1874. மக்டலேனா அப்போது ஆற்றுக்கு அக்கரையில், தகப்பனின் ஆலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிக்கவில்லை.

"அன்புள்ள அக்கா. டீலே ஒரு பொதி அனுப்பியிருக்கிறார், தபாலில். என் இரண்டு விரலுக்கு ஒரு அடாஜியோ. யாரோ வைத்தியர் அவருக்கு என் கையைப் பற்றி விளக்கிச் சொன்னார் என்று அப்பா கேள்விப்பட்டாராம். பொதியில் கடிதம் இல்லை. இசை மட்டும். இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து இங்கே நடந்து வர நாற்பது நிமிடம். புதுப் பாலத்தால் வந்தால் அவ்வளவும் இல்லை. நான் யன்னலடியில்தான் இருக்கிறேன்."

"பிறகு?"

"பிறகு ஒன்றும் இல்லை. அவள் பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் வரவில்லை. அடுத்த வருடம் வேறொருவர் வாசித்தார். டீலே இறந்தபோது அவள் செத்த வீட்டுக்குப் போனதாகவும் தெரியவில்லை. அவள் எண்பத்தொரு வயது வரை இருந்தாள்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நாற்பத்தைந்து நிமிடம். மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 7, வியாழன்
அளக்கவில்லை.

டீலே கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். கதவைப் பூட்டவில்லை.

நான் பூட்டினேன். வெளியிலிருந்து. சோதனைக்கு முன் கடைசி மூன்று கிழமை, பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும். இந்திராணி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டினேன். வயலின் சத்தம் நின்றால் கதவில் தட்டுவேன். ஒரு நாள் சத்தம் நின்றது, தட்டினேன், தொடங்கவில்லை. "அப்பா, கதவைத் திறவுங்கோ, கையைக் காட்டுறன்" என்றாள். நான் திறக்கவில்லை. எட்டு மணிக்குத்தான் திறந்தேன். அவள் கையைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை இந்திராணிக்கு அவள் சொல்லவேயில்லை. நானும் சொல்லவில்லை. இந்திராணி சாகும்வரைக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் என்ன நடந்தது என்று விளங்காமலே கேட்டுக்கொண்டு இருந்தாள்.

மார்ச் 8, வெள்ளி
148/90.

பவளத்திடம் நம்பர் வாங்கினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எண்களை இரண்டு தரம் ஆறுதலாகச் சொன்னாள், பிறகு மூக்கைச் சிந்தினாள்.

மாலை ஐந்தரைக்கு எடுத்தேன். நாலாவது மணியில் எடுத்துவிட்டாள். ஜெர்மனில் தன் பெயரைச் சொன்னாள்.

"சாம்பவி. நான் அப்பா."

பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்டினாள்.

"ஏதும் வருத்தமோ உங்களுக்கு?"

"இல்லை. பிரஷர் மட்டுந்தான். வந்து பாக்கலாமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"எங்க வந்து?"

"உங்க. பிரேமனுக்கு."

காகிதம் புரட்டும் சத்தம். "பதினேழாம் திகதி ஞாயிறு வீட்டில நிக்கிறன். அதுக்குப் பிறகு ஈஸ்டர் முடியுமட்டும் எல்லா ஞாயிறும் வேலை."

பதினேழாம் திகதிதான் கச்சேரி. கச்சேரிக்கு அடுத்த நாள் வரட்டோ என்று கேட்க வாயெடுத்தேன். ஈஸ்டருக்குப் பிறகு வரட்டோ என்று கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

"பதினேழு வாறன்" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 11, திங்கள்
143/87.

லீவு கேட்டேன். மேலாளர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் கச்சேரி நாளில் நான் லீவு எடுத்ததில்லை. யாரும் செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஃப்ராவ் கிரேமருக்குத்தான் பொறுக்கவில்லை. "தில்லை, அந்தத் தாளைக் கண்டுபிடித்ததே நீங்கள். நிகழ்ச்சிப் புத்தகத்தில் உங்கள் பெயர் போட்டிருக்கிறேன். வானொலிக்காரர்கள் வருகிறார்கள். அந்த அடாஜியோவை மண்டபம் நிறைந்த ஆட்களோடு நீங்கள் கேட்க வேண்டாமா?"

"மகளைப் பார்க்கப் போகிறேன்."

அவர் கேக்கில் ஒரு பெரிய துண்டைத் தாளில் சுற்றி, "ஞாயிறு வரைக்கும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், கெடாது" என்று தந்தார்.

மார்ச் 16, சனி
141/85.

அறுபது கதிரையும் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு வருகிற ஆளுக்கு எல்லாவற்றையும் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தலைமயிர் வெட்டினேன். எந்தச் சேட்டைப் போடுவது என்று தெரியவில்லை.

மார்ச் 18, திங்கள்

திரும்பிப் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

நேற்றுப் பதினொன்றரைக்குப் பிரேமனில் இறங்கினேன். அவள் ஸ்டேசனுக்கு வரவில்லை, நானும் வரச் சொல்லவில்லை. ட்ராமில் ஏறினேன். ஓட்டுபவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. கதவைத் திறந்தபோது ஒரு கணம் இந்திராணி நிற்பது மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டிருக்கிறாள். காதடியில் இரண்டு மூன்று நரை. முப்பத்தொரு வயதில் நரை.

"வாங்கோ" என்றாள். "சப்பாத்தை உங்க கழட்டுங்கோ."

சின்ன வீடு, துப்புரவாக இருந்தது. வயலின் இல்லை, பாட்டுப் பெட்டியும் இல்லை. சமையலறை மேசையில் இரண்டு பேரும் இருந்தோம். கேக்கைக் கொடுத்தேன். தேத்தண்ணீர் தந்தாள். வலக்கையால்தான் எல்லாம் செய்தாள். இடக்கை மேசைக்குக் கீழே இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் நாலு மணிநேரம் கட்டி வைத்ததெல்லாம் போய்விட்டது.

"கையைக் காட்டு, பிள்ளை" என்றேன்.

அவளுடைய இடக்கை மேசைக்குக் கீழேயே இருந்தது.

"அண்டைக்குக் காட்டுறன் எண்டு சொன்னனி. நான் கதவைத் திறக்கேல்லை. பூட்டினது நான். கை ஏலாதெண்டு தெரியாமல் பூட்டினன் எண்டு சொல்ல மாட்டன். எனக்குத் தெரியும். உன்ர முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சது. தெரிஞ்சுகொண்டுதான் பூட்டினனான்."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை. வாயிலிருந்து வந்தபிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

சாம்பவி எழும்பிப் போய் யன்னலைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

"அம்மா சாகிறதுக்கு முதல் நாள் கேட்டவா" என்றாள். "அப்பாவோட என்ன கோவம் எண்டு. ஆஸ்பத்திரியில வைச்சு. நான் சொல்லேல்லை. சொன்னா அவா உங்களை மன்னிக்க மாட்டா எண்டு தெரியும். உங்களுக்காகச் சொல்லாமல் விட்டனானோ, அவாவுக்காகச் சொல்லாமல் விட்டனானோ எண்டு எனக்கு இப்பவும் தெரியேல்லை."

நான் அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

பிறகு வந்து இருந்து, இடக்கையை மேசைமேல் வைத்தாள். சாதாரணக் கை. மோதிர விரலும் சின்ன விரலும் கொஞ்சம் உள்ளே வளைந்து இருந்தன, அவ்வளவுதான். நரம்பு வருத்தம், அதுக்கு ஒரு பெயரும் உண்டு என்றாள். ட்ராம் ஓட்ட அது ஒரு பிரச்சினை இல்லையாம். நான் தொடவில்லை. தொடலாமோ என்று கேட்கவும் பயமாக இருந்தது.

கச்சேரி தொடங்கும் நேரம் வந்தபோது நான் சுவரில் மணியைப் பார்த்திருக்க வேண்டும்.

"எங்கையும் போகோணுமோ?"

"இல்லை. அங்க இண்டைக்கு ஒரு கச்சேரி."

"என்ன வாசிக்கினம்?"

சொன்னேன். டீலேயையும், ஆலைக்காரரின் மகளையும், பசை விட்டுப்போன தாளையும், யூடிட் இரண்டு விரலை மடித்துக்கொண்டு வாசித்ததையும், திரும்பிப் போன பொதியையும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடாஜியோ எப்படிப் போகும் என்று கேட்டாள். எனக்குப் பாடத் தெரியாது. மேசைமேல் கையை வைத்து, கை எங்கே எங்கே வழுக்கிப்போனது என்று காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில், "இதிலயோ?" என்று கேட்டுத் தன் இடக்கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மேசை விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்தினாள். இரண்டு முறை நகர்த்திவிட்டு எடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறார்" என்றாள். "அந்தப் பொம்பிளை திருப்பி அனுப்பினது சரி."

"ஓம்" என்றேன்.

"நீங்கள் வந்திட்டியள் எண்டதுக்காக எல்லாம் சரியாயிடுமெண்டு நினைக்காதேங்கோ."

"நினைக்கேல்லை."

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு. கனக்க இருக்கு."

"இருக்கட்டும், பிள்ளை."

வெளியே இருட்டத் தொடங்கியது. ஆறு ஐம்பதுக்கு எனக்கு ரயில். அவளுக்கும் அது தெரியும், ரிக்கற்றை மேசையில்தான் வைத்திருந்தேன். ஆறு மணிக்கு அவள் எழும்பி அலுமாரியைத் திறந்து, உள்ளே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"குத்தரிசி போடட்டோ, பாஸ்மதி போடட்டோ?" என்று கேட்டாள்.